கார்த்தேஜில் உப்பைத் தூவியது யார்?

கேள்வி இதுதான்: "கி.மு. 146இல் ரோமர்கள் கார்த்தேஜ் நகரத்தைத் தரைமட்டமாக்கி, ஏர் பூட்டி உழுது, புல்கூட முளைக்கக் கூடாது என்று உப்பைத் தூவினார்களாமே, உண்மையா? அப்படியானால் இப்போது அங்கே போனால் பார்க்க என்னதான் இருக்கும்?"

கார்த்தேஜ், இன்றைய துனீசியாவின் கடற்கரையில் இருந்த பழைய நகரம், ரோமின் பெரும் போட்டியாளர். முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். இடித்துக் கொளுத்தியது உண்மை. உழுதது சந்தேகம். உப்பு, சுத்தக் கட்டுக்கதை. இரண்டாம் பாதிக்குத்தான் நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்பில் தொடங்குகிறேன். கார்த்தேஜின் கடைசி நாட்களைப் பற்றி எழுதிய பழைய ஆசிரியர்களில் முக்கியமானவர் பாலிபியஸ். நகரம் எரியும்போது ரோமத் தளபதியின் பக்கத்திலேயே நின்றவர். அவருடைய மூல நூலில் அந்தப் பகுதி பெரும்பாலும் அழிந்துவிட்டது, ஆனால் அதைப் படித்துவிட்டு எழுதிய அப்பியன் கிடைக்கிறார். தீ, கொலை, கொள்ளை, இனி இங்கே எவரும் குடியேறக் கூடாது என்ற சாபம் எல்லாம் அவரிடம் உண்டு. உப்பு மட்டும் இல்லை. அப்பியனிடம் மட்டுமல்ல, பழைய ஆசிரியர் ஒருவரிடமும் இல்லை. உழுதது பற்றியும், நகரம் விழுந்து நானூறு ஆண்டுகள் ஆகப்போகும் நேரத்தில் வந்த ஒரு ரோமச் சட்டக் குறிப்பில்தான் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது.

பிறகு எங்கிருந்து வந்தது உப்பு? பைபிளில் நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: அபிமெலேக்கு சீகேம் பட்டணத்தை இடித்து அதில் உப்பு விதைக்கிறான். 1299இல் எட்டாம் போனிஃபாஸ் போப், தனக்கு எதிராகக் கிளம்பிய பாலஸ்த்ரீனா ஊரை அழித்தபோது, 'ஆப்பிரிக்காவின் பழைய கார்த்தேஜைப் போல' அதை உழுது உப்பிட்டதாக எழுதினார். இப்படி இரண்டு கதைகளும் மெல்ல ஒட்டிக்கொண்டன. 1930இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட பண்டைய வரலாற்றுத் தொகுதி ஒன்றிலேயே உப்பு ஏறிவிட்டது. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா, பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது. 1986இல் ரிட்லி என்ற ஆய்வாளர் உட்கார்ந்து ஒவ்வொரு மூலத்தையும் துருவிப் பார்த்து, இதற்கு ஆதாரமே இல்லை என்று காட்டினார். அதற்கு முன் ஐம்பது வருடம் பேராசிரியர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆதாரத்தை விடுங்கள், கொஞ்சம் யோசித்தாலே கதை நிற்காது. நகரம் விழுந்து 24 ஆண்டுகள்கூட முழுதாக முடியாத நிலையில், கி.மு. 122 வாக்கில் கயஸ் கிராக்கஸ் என்ற ரோமத் தலைவர் அதே இடத்தில் 6,000 குடும்பங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கப் போனார். உப்பிட்டுப் பாழாக்கிய மண்ணை விவசாயம் பண்ண யாருக்காவது கொடுப்பார்களா? அந்தக் குடியேற்றம் தோற்றது, ஆனால் மண்ணால் அல்ல, ரோம அரசியலால். பின்னால் ரோமுக்கே சோறு போட்ட கோதுமை இந்த வட்டாரத்திலிருந்துதான் போனது.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கார்த்தேஜைப் பற்றிய மற்றதெல்லாம் விளங்கும். இந்த நகரத்தின் கதையை நமக்குச் சொன்னவர்கள் எல்லோரும் அதன் எதிரிகள், அல்லது எதிரிகளிடம் கேட்டு எழுதியவர்கள். அதன் சொந்த நூல்கள் ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. உப்பு அந்தக் கதைகளில் ஒன்றுதான்.

பெயரிலிருந்தே பார்ப்போம். அந்த ஊர்க்காரர்கள் சொன்ன பெயர் கர்த்-ஹதஷ்த், 'புதிய ஊர்'. லெபனான் கரையிலிருந்த தீரு நகரத்தவர் வந்து அமைத்தது. அதாவது தமிழ் பைபிளில் 'தீரு, சீதோன்' என்று சேர்த்தே வருமே, அந்தத் தீரு. மரபாகச் சொல்லப்படும் ஆண்டு கி.மு. 814. தோண்டியதில் கிடைத்த மிகப் பழைய தடயங்களும் கி.மு. 9ஆம் நூற்றாண்டின் இறுதி, 8ஆம் நூற்றாண்டு என்று அதற்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. தீருவின் இளவரசி எலிஸ்ஸா, உடன்பிறந்தவன் தன் கணவனைக் கொன்றதும் கப்பலேறி இங்கே வந்தாள். 'ஒரு மாட்டுத்தோல் அளவு இடம் தந்தால் போதும்' என்று உள்ளூர் அரசனிடம் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே சம்மதித்ததும் தோலை நூல் நூலாக நறுக்கி ஒரு குன்றையே வளைத்துக்கொண்டாள். அழகான கதைதான். ஆனால் குன்றின் பெயர் பிர்ஸா. கிரேக்கத்தில் 'பிர்ஸா' என்றால் தோல். கிரேக்கக் காதில் விழுந்த ஒரு வேற்றுமொழிப் பெயருக்குக் கிரேக்கர்கள் கட்டிய கதை இது. 'வந்தேறிகள் தந்திரக்காரர்கள்' என்ற குத்தலும் இலவச இணைப்பாக வருவதைக் கவனியுங்கள். பிறகு ரோமக் கவிஞர் வர்ஜில் அவளை டைடோ என்ற பெயரில் தன் காவியத்தில் ரோமின் மூதாதை ஈனியாஸைக் காதலிக்க வைத்து, அவன் விட்டுப்போனதும் சிதை அடுக்கி, அதில் ஏறி வாளால் குத்திக்கொண்டு சாக வைத்தார்.

இடத்தேர்வு மட்டும் எந்தக் கதையும் தேவைப்படாத அளவுக்குக் கெட்டிக்காரத்தனமானது. மத்தியதரைக்கடலின் இடுப்பு என்று சிசிலிக்கும் துனீசியாவுக்கும் நடுவில் உள்ள நீர்ப்பரப்பைச் சொல்லலாம். கிழக்கிலிருந்து மேற்கே ஸ்பெயினின் வெள்ளிக்குப் போகிற கப்பல் இந்த இடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வாசலில் கடை போட்டார்கள். சங்குப்பூச்சியிலிருந்து எடுத்த ஊதாச் சாயம், துணி, மீன்சாறு, ஒயின், உலோகம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தார்கள்.

ஆட்சியும் சும்மா இல்லை. வருடத்துக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து 'சூபேட்' என்று பதவியில் வைத்தார்கள். எபிரேயத்தில் 'ஷோபேட்', தமிழ் பைபிளில் 'நியாயாதிபதி' என்று வருவது இதே சொல்தான். கிரேக்கர் அல்லாத எவரையும் எளிதில் பாராட்டாத அரிஸ்டாட்டில், இவர்களுடைய அரசமைப்பை மட்டும் ஸ்பார்ட்டாவுக்குப் பக்கத்தில் வைத்து மெச்சியிருக்கிறார்.

துறைமுகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. எனக்கு கார்த்தேஜிலேயே பிடித்த இடம் அது. இரண்டு குளங்கள் வெட்டினார்கள். கடலை ஒட்டி நீள்சதுரமாக ஒன்று, வணிகக் கப்பல்களுக்கு. அதன் வழியாக உள்ளே போனால் வட்டமாக இன்னொன்று, போர்க்கப்பல்களுக்கு மட்டும். வட்டக் குளத்தின் நடுவில் ஒரு தீவு, அதில் கடற்படைத் தலைவனின் மாளிகை. அங்கிருந்து அவனுக்கு வெளிக்கடல் தெரியும், வெளியே இருப்பவனுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. 220 கப்பல்களுக்கு இடம் என்று அப்பியன் எழுதியதை நெடுநாள் யாரும் நம்பவில்லை. ஏனென்றால் இன்று அங்கே இருப்பது கேணி மாதிரி இரண்டு சின்னத் தண்ணீர்ப் பரப்புகள்.

1970களில் யுனெஸ்கோ பல நாட்டு அகழாய்வாளர்களைக் கூப்பிட்டபோது பிரிட்டிஷ் குழு இந்தத் தீவைத் தோண்டியது. விசிறிக் கம்பிகள் போலத் தீவைச் சுற்றிலும் சாய்தளங்கள் கிடைத்தன. கப்பலைத் தண்ணீரிலிருந்து பின்பக்கமாக இழுத்து ஏற்றி, கூரைக்கடியில் காய வைக்க. மரக்கப்பல் ஓயாமல் தண்ணீரில் கிடந்தால் ஊறிக் கனத்துவிடும், புழுவும் துளைக்கும். தீவில் 30, சுற்றுக்கரையில் 130க்கு மேல் என்று கணக்குப் போட்டார்கள். அப்பியனின் 220 வராது, ஆனால் கதையளக்கவில்லை என்பது உறுதியானது. இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இந்தக் கட்டுமானம் பெரும்பாலும் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று மண்ணடுக்கு சொல்கிறது. அந்த நூற்றாண்டில் கார்த்தேஜ் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட போர்க்கப்பல்கள் பத்தே பத்து! ஆக ரோமர்களின் பயம் முழுக்கப் பொய் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பத்து எப்படி வந்தது என்பதற்குப் போர்களைச் சொல்ல வேண்டும். கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலை எல்லோருக்கும் தெரியும், ஓடிக் கடந்துவிடுகிறேன். ரோமோடு முதல் போர் கி.மு. 264 முதல் 241 வரை, சிசிலிக்காக. கடலனுபவம் இல்லாத ரோம், கரையொதுங்கிய ஒரு கார்த்தேஜியக் கப்பலைப் பார்த்து நகலெடுத்து ஒரு படையே கட்டி ஜெயித்தது. இது நடக்கக்கூடியதா என்று கேட்டால், நடக்கும். 1971இல் சிசிலியின் மர்சாலா அருகே கடலடியில் ஒரு கார்த்தேஜியக் கப்பல் கண்டெடுக்கப்பட்டது. அதன் பலகைகளில் எதை எங்கே பொருத்த வேண்டும் என்று தச்சர்கள் வரிசையாக எழுத்துகள் எழுதி வைத்திருந்தார்கள். அட்டைப்பெட்டியில் வரும் மேசைக்கு 'ஏ', 'பி' என்று ஒட்டியிருக்குமே, அதே மாதிரி. அந்தக் குறி அவர்களுக்கே வினையாக முடிந்திருக்கலாம்.

இரண்டாம் போரில் (கி.மு. 218–201) ஹன்னிபால் 37 யானைகளோடு புறப்பட்டு ஆல்ப்ஸைத் தாண்டி, 216இல் இத்தாலியின் கன்னேயில் ரோமின் மிகப் பெரிய படையை ஒரே நாளில் துடைத்துப் போட்டான். ஆனாலும் 202இல் ஆப்பிரிக்காவின் ஸாமாவில் ரோமத் தளபதி சிப்பியோவிடம் தோற்றான். தண்டம் 10,000 தாலந்து வெள்ளி, 50 ஆண்டுத் தவணை. பத்துக் கப்பல். ரோமைக் கேட்காமல் யாரோடும் போர் கூடாது.

இங்கேதான் யாரும் பேசாத ஹன்னிபால் வருகிறான். போரில் தோற்றவன் சூபேட் பதவிக்கு வந்து, வரிப்பணத்தை மேல்தட்டுக்காரர்கள் சுருட்டுவதை அடைத்தான். புதிய வரி போடாமலேயே தவணை கட்டிவிடலாம் என்று காட்டினான். சுருட்டியவர்கள் ரோமிடம் கோள் மூட்டி அவனை நாட்டைவிட்டு ஓட வைத்தார்கள். ஆனால் ஊர் நிமிர்ந்துவிட்டது. போர் முடிந்த பத்தாவது ஆண்டில், மீதி 40 ஆண்டுத் தவணையையும் ஒரே மொத்தமாகக் கட்டிவிடுகிறோம் என்று கார்த்தேஜ் சொன்னது. ரோம் வாங்க மறுத்தது. கடன் தீர்ந்தால் பிடியும் போய்விடுமே. வட்டிக்கு விடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போகாது.

பின்னால் ரோம செனட்டர் முதியவர் கேட்டோ தூதராக வந்து இந்தச் செழிப்பைப் பார்த்து வயிறெரிந்து போனார். செனட்டில் அங்கியை உதறி ஆப்பிரிக்க அத்திப்பழங்களைக் கீழே விழச் செய்து, 'இது விளைகிற நாடு மூன்று நாள் கடல் தூரம்' என்றாராம். எந்தப் பேச்சை முடித்தாலும் கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும் என்றே முடிப்பாராம். அத்திப்பழம் தாங்காது என்பது தெரிந்ததே. தன் தோட்டத்திலிருந்தே பறித்து வந்திருப்பார் என்று சந்தேகப்படும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சாக்கு கி.மு. 150 வாக்கில் கிடைத்தது. பக்கத்து நுமிடிய அரசன் மாஸினிஸ்ஸா ஓயாமல் எல்லையைக் கடித்துக்கொண்டிருந்தான். பொறுத்துப் பார்த்த கார்த்தேஜ் அனுமதி இல்லாமல் அவனை எதிர்த்தது. 149இல் ரோமப் படை இறங்கியது. அடுத்து நடந்ததை அப்பியன் சொல்லும்போது, எதிரி ஆசிரியர் என்றாலும் ரோமர்களின் மேல்தான் நமக்கு அருவருப்பு வருகிறது. முதலில் உயர்குடிப் பிள்ளைகள் 300 பேரைப் பணயமாகக் கேட்டார்கள். கொடுத்தார்கள். ஆயுதம் முழுவதையும் கேட்டார்கள். இரண்டு லட்சம் பேருக்கான கவசங்கள், 2,000 கவண்பொறிகள் என்று வண்டி வண்டியாகக் கொடுத்தார்கள். எல்லாம் கைக்கு வந்த பிறகு மூன்றாவது கட்டளை: ஊரைக் காலி செய்யுங்கள், கடலைவிட்டுப் பத்து மைல் உள்ளே போய் எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்ளுங்கள். கடலில் பிழைக்கும் ஊரைப் பார்த்துச் சொன்ன சொல் இது.

ஊர் வெகுண்டது. கோயில்கள் பட்டறைகளாயின. ஆணும் பெண்ணும் முறை வைத்து நாளொன்றுக்கு 100 கேடயம், 300 வாள், 500 ஈட்டி என்று அடித்தார்கள். கவண்பொறிக்கு முறுக்குக் கயிறு இல்லாமல் பெண்கள் தலைமுடியை அறுத்துக் கொடுத்தார்கள். ரோமர்கள் கல்லைக் கொட்டித் துறைமுக வாயை அடைத்தபோது, பின்பக்கம் புது வாய் வெட்டி, பழைய மரத்தில் கட்டிய 50 கப்பல்களை வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தார்கள்.

146 வசந்தத்தில் சுவர் உடைந்தது. சந்தையிலிருந்து பிர்ஸா குன்றுக்கு ஏறும் தெருக்களில் ஆறு மாடி வீடுகள்; ஒவ்வொன்றையும் மாடி மாடியாகப் பிடித்து, கூரைக்குக் கூரை பலகை போட்டுத் தாண்டி, ஆறு நாள் சண்டை. ஏழாம் நாள் 50,000 பேர் வெளியே வந்து சரணடைந்து அடிமைகளாகப் போனார்கள். எஷ்முன் கோயிலில், மன்னிப்புக்கு வழியில்லாத ரோமத் தப்பியோடிகள் 900 பேர் கடைசியாகத் தீ மூட்டிக்கொண்டார்கள். படைத்தலைவன் ஹஸ்த்ரூபல் சரணடைய, அவன் மனைவி அவனைச் சபித்துவிட்டுப் பிள்ளைகளோடு அந்தத் தீயில் விழுந்தாளாம். டைடோவும் தீ, இவளும் தீ. நடந்ததுதானா, பொருத்தமாக இருக்கட்டும் என்று எழுதியதா என்று எனக்குச் சந்தேகம் வருவது இந்த இடத்தில்தான்.

இப்போது உங்கள் இரண்டாம் பாதி: என்ன மிச்சம்?

ரோமர்கள் அழிக்க நினைத்ததை ரோமர்களே காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் தெரியாமல். ஜூலியஸ் சீசர் திட்டமிட்டு, கி.மு. 29 வாக்கில் அகஸ்டஸ் இங்கே புது ரோம நகரம் எழுப்பினார். பெரிய மன்றமும் கோயில்களும் கட்ட பிர்ஸாவின் உச்சியைச் செதுக்கிச் சமதளமாக்கினார்கள். செதுக்கிய மண் முழுவதையும் சரிவுகளில் தள்ளினார்கள். சரிவில் எரிந்து கிடந்த வீடுகள் அதற்கடியில் பத்திரமாகப் புதைந்தன. உச்சியில் இருந்த கார்த்தேஜியக் கோயில்கள் போயே போய்விட்டன. சாமானியர்களின் வீடுகள் தப்பின. பிரெஞ்சுக் குழுவினர் தோண்டியெடுத்த அந்தத் தெருவை இன்று 'ஹன்னிபால் குடியிருப்பு' என்கிறார்கள். ஹன்னிபாலின் வீடு அல்ல, அவன் காலத்தை ஒட்டியது, அவ்வளவே.

அங்கே நின்று பார்த்தால் சின்னச் சின்ன அறைகள், குறுகிய நடை, சரிவுக்கு ஏற்றபடி தெருவிலேயே படிக்கட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் தரைக்கடியில் மழைநீர்த் தொட்டி, குப்பி மாதிரி நீளமாக, உள்ளே சாந்து பூசியது. ஆற்றுத் தண்ணீர் இல்லாத ஊர், கூரையில் விழும் மழைதான் குடிநீர். தரை, ஓட்டைத் தூளாக்கிச் சாந்தில் குழைத்து நடுநடுவே வெள்ளைக் கல்சில் பதித்தது. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் மொசைக் தரைபோலவே கண்ணுக்குப் படும். இந்த வீடுகளுக்கு நடுவே முரட்டுத் தூண்கள் குத்திக்கொண்டு நிற்கின்றன. மேலே எழுப்பிய ரோமக் கட்டடங்களின் அஸ்திவாரம் அவை.

உறுத்தலான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தோஃபெத் என்ற இடம் 1921இல் வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கில் சிறு கலயங்கள், உள்ளே எரிந்த சிசுக்களின் எலும்பு, சிலவற்றில் ஆட்டுக்குட்டியின் எலும்பு. கார்த்தேஜியர்கள் பிள்ளைகளை நரபலி கொடுத்தார்கள் என்று கிரேக்க, ரோம ஆசிரியர்கள் எழுதினார்கள். எதிரியின் அவதூறு என்று தள்ளிவிடத்தான் மனம் போகும். சில ஆய்வாளர்கள் பற்களைச் சோதித்து, பலவும் பிறக்கும்போதே இறந்த குழந்தைகள், இது சிசுக்களுக்கான இடுகாடு என்றார்கள். மற்றவர்கள் அதே பற்களைப் பார்த்து மறுத்தார்கள். நான் கற்களில் உள்ள வாசகத்தைப் பார்க்கிறேன்: 'பாகாலின் முகமான தேவி தானித்துக்கும் தலைவன் பாகால் ஹம்மோனுக்கும் இன்னார் நேர்ந்துகொண்டது, அவர் குரலைக் கேட்டருளியதால்.' இது வேண்டுதல் நிறைவேறியவன் எழுதுகிற வாசகம். குழந்தையைப் பறிகொடுத்தவன் இப்படி எழுத மாட்டான். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் எதிரிகள் சொன்னதில் உண்மை இருக்கிறது என்ற பக்கமே நான் சாய்கிறேன். எப்போது, எத்தனை முறை என்பதில் அவர்கள் ஊதிப் பெருக்கியிருப்பார்கள்.

புத்தகங்கள்? நூலகங்களை ரோமர்கள் நுமிடிய அரசர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் செனட்டே ஆணையிட்டு லத்தீனில் பெயர்க்க வைத்தது: மாகோ என்பவர் எழுதிய 28 பகுதி விவசாய நூல். அதுவும் தொலைந்தது, ஆனால் மேற்கோள்கள் தங்கின. நிலம் வாங்குகிறவன் பட்டணத்து வீட்டை விற்றுவிட வேண்டும் என்பது அவர் அறிவுரை. மாதுளையை ரோமர்கள் 'கார்த்தேஜ் ஆப்பிள்' என்றார்கள். அதன் தாவரவியல் பெயரில் 'பியூனிகா' என்று இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான்.

ரோமக் கார்த்தேஜ் தனிக்கதை, பெரிய கதையும்கூட. ஸக்வான் மலை ஊற்றிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நீர்வழி, கடலோரத்தில் அந்தோனைன் குளியல் மண்டபம். (இன்று படம் எடுத்துப் போடுகிறார்களே, அது மண்டபம் அல்ல, அதன் நிலவறை.) கி.பி. 203இல் இந்த ஊர் அரங்கில் விலங்குகளின் முன் நிறுத்தப்பட்டுக் கொல்லப்பட்ட பெர்பெட்டுவா, கைக்குழந்தையோடு சிறையிலிருந்த இளம்தாய். அவள் சிறையில் எழுதிய குறிப்பு தங்கியிருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் அடுத்தவர் பேசிய இந்த ஊரில், 'நான்' என்று ஒரு பெண் பேசும் குரல் அது. புனித அகஸ்டின் இங்கே படித்தார், படிக்கும் வயதில் ஆடவும் செய்தார். அவர் காலத்தில், நகரம் விழுந்து ஐந்நூறு ஆண்டு கழித்தும், கிராமத்தார் பழைய மொழியைப் பேசினார்கள். நீங்கள் யார் என்று கேட்டால் 'கானானியர்' என்றார்களாம்.

439இல் வண்டல் என்ற ஜெர்மானிய இனத்தார் பிடித்து, 455இல் இங்கிருந்து கப்பலேறிப் போய் ரோமையே கொள்ளையடித்தார்கள். 533இல் கிழக்கு ரோமரான பைசாந்தியர், 698இல் அரபுகள். அதன்பின் துனிஸ் வளர்ந்தது, கார்த்தேஜ் கல் சுரங்கமானது. கைரவான் பெரிய பள்ளிவாசலிலும் துனிஸின் ஸைத்தூனா பள்ளிவாசலிலும் நிற்கும் தூண்களில் பல இங்கிருந்து போனவை. நகரத்தைக் கடைசியில் காலி செய்தது உப்பு அல்ல, மாட்டுவண்டி.

1985 பிப்ரவரியில் ரோம் மேயரும் கார்த்தேஜ் மேயரும் உட்கார்ந்து, முறைப்படி முடிக்கப்படாத அந்தப் போரை முடித்துக் கையெழுத்திட்டார்கள். 2025இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இன்னொரு குண்டைப் போட்டது: கார்த்தேஜிய உலகத்துக் கல்லறைகளில் கிடந்தவர்களின் உடலில் லெபனான் வம்சாவளி மிகக் குறைவு, சிசிலி, கிரேக்கம், வட ஆப்பிரிக்கா என்று கலந்து கிடக்கிறது. தீருவிலிருந்து வந்தது பெரும்பாலும் மொழியும் சாமியும்தான் போலிருக்கிறது.

போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. துனிஸில் கடலோரமாகப் போகும் டி.ஜி.எம். ரயில் ஏறி, எல்லோரும் இறங்கும் 'கார்த்தேஜ் ஹன்னிபால்' நிறுத்தத்துக்கு முன்பே, 'கார்த்தேஜ் சலாம்போ'வில் இறங்கிவிடுங்கள். சலாம்போ என்பதும் கார்த்தேஜியப் பெயரல்ல, ஃப்ளோபேர் 1862இல் எழுதிய பிரெஞ்சு நாவலின் நாயகி. அங்கிருந்து தோஃபெத்தும் வட்டத் துறைமுகமும் நடக்கிற தூரம். சுற்றிலும் வெள்ளை வீடுகள், நடுவே தண்ணீர், தீவில் புல். சாய்தளங்களின் அடிச்சுவடு இன்னும் தெரியும். பிர்ஸாவை வெயில் தாழ்ந்த பிறகு ஏறிக்கொள்ளலாம்.